குப்பம்மாவின் பங்கைத் தட்டக் கூடாது

எங்கள் பெண்கள் இப்போது ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு ஏரியில் இறங்குகிறார்கள். கையில் இரும்பு வாரி, தலையில் தொப்பி. கரையில் உட்கார்ந்து பார்த்தால் மட்டிச் சிப்பி எடுக்கப் போகிறார்களா, ரோடு போடப் போகிறார்களா என்று சந்தேகமாக இருக்கும். நான் அதைச் சொல்லிச் சிரித்ததில் மோகனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மோகனாதான் இப்போது மட்டிக்காரப் பெண்களுக்குத் தலைவி. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“சிரிச்சிக்கினே இருந்தா எப்பிடி பெரியம்மா? புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மட்டி எப்பிடி எடுக்கணும், எப்பிடி ஆக்கணும்னு எழுதிக் குடுங்க. இங்க தமிழ் ஒழுங்கா எழுதத் தெரிஞ்சது நீங்க ஒருத்திதான்.”

அது உண்மைதான். நான் சத்தியவேட்டுப் பக்கம் பிறந்தவள். தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தேன். தடா பக்கம் ஏரிக்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட பிறகு ரேஷன் கடையில் தெலுங்கு, பேங்கில் தெலுங்கு, வீட்டில் தமிழ், மாமியாரோடு சண்டை இரண்டிலும். சரி, எழுதுகிறேன். மோகனா கேட்டது இரண்டு பக்கம். பழவேற்காட்டு ஏரித் தண்ணீரில் முப்பத்தொரு வருஷம் நின்றவள் நான், இரண்டு பக்கத்தில் அடங்குவேனா? அதிலும் குப்பம்மாவை விட்டுவிட்டு மட்டியைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

குப்பம்மா என் வீட்டுக்காரருக்குத் தங்கை. என்னைவிட நாலு வயது சின்னவள். புருஷன் காலமான பிறகு ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினாள். அவன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனதும் எங்கள் பின்தெருவில் தனியாக இருந்தாள். மட்டி எடுக்கும் பதினோரு பேருக்கும் அவள்தான் தலைவி. ஓட்டுப் போட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் சேறு ஆளை உள்ளே இழுக்கும், எங்கே மட்டி இன்னும் பிஞ்சு, ஒரு மாசம் விட்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரியும். அவள் சொல்வாள், நாங்கள் கேட்போம்.

முறைப்படி நான் அவளுக்கு அண்ணி. அண்ணி என்றால் தாய் ஸ்தானம், மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும். குப்பம்மா மரியாதையில் ஒரு பொட்டுக் குறை வைத்ததில்லை. திட்டுவதையும் மரியாதையாகவே திட்டுவாள். முதல் நாள் நான் காலையிலிருந்து குனிந்து குனிந்து எடுத்து, குண்டான் நிறையக் கொண்டுவந்து பெருமையாகக் கரையேறினேன். அவள் உள்ளே கையை விட்டு ஒரு கிண்டு கிண்டினாள்.

“இன்னா அண்ணி, ஜல்லி எடுத்துக்கினு வந்துகீறீங்க? எங்க அண்ணன் வூடு கட்டப் போறாரா?”

பாதிக்கு மேல் கல். மீதியில் பாதி வெறும் ஓடு. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் பக்கம் மேட்டு நிலம், கடலை, கேழ்வரகு. தண்ணீர் என்றால் அது கிணற்றுக்குள் இருக்க வேண்டும், நாம் வெளியே இருக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். அன்றைக்கே எனக்கு “மேட்டு அண்ணி” என்று பேர் வைத்துவிட்டார்கள். வேலை பழக ஆறு மாசம் ஆயிற்று. பேர் மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

இப்போது வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மோகனா நோட்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றின் அந்த முனையில் அலுமினியக் குண்டான் பின்னாலேயே மிதந்து வரும். தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தால் சௌகரியம். காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்துத்தான் போக வேண்டும். சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்கும். மிதித்தால் வாலால் அடித்துவிடும், தேய்த்துக்கொண்டு போனால் அதுவே விலகிப் போய்விடும். தேய்த்துப் போகும்போது உள்ளங்காலில் மட்டி தட்டுப்படும். உயிருள்ள மட்டி சேற்றில் நிமிர்ந்து நிற்கும். லேசாக மிதித்தால் உள்ளே இழுத்துக்கொண்டு இறுகும். அந்த இறுக்கம் காலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கால் விரலால் கிளறி, குனிந்து கையால் எடுத்துக் குண்டானில் போடலாம்.

இறுகாமல் படுத்துக் கிடந்து ஆடினால் அதைத் தொடக் கூடாது. அதுதான் மண்மட்டி. செத்துப்போன மட்டிக்குள் சேறு நிறைந்து, ஓடு இரண்டும் மூடியே இருக்கும். பார்வைக்கு உயிர் மட்டி, கையில் எடுத்தால் எடையும் அதே எடை. கொதிக்கிற சட்டிக்குள் போன பிறகு அது வாயைத் திறந்தால் சட்டி முழுக்கச் சேறு. நூறு நல்ல மட்டியைக் கெடுக்க ஒரு மண்மட்டி போதும்.

அதனால் கரையேறியதும் எல்லோரும் உட்கார்ந்து தட்டுவோம். இரண்டு மட்டியை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் உயிர் மட்டி ‘டக்’ என்று கேட்கும். மண்மட்டி ‘பொத்’ என்று கேட்கும். பத்துப் பேர் தட்டுவோம், குப்பம்மா தட்ட மாட்டாள். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பாள்.

“தட்டி எடுக்குறது உங்க வேலை. நான் மிதிச்சே எடுத்துட்டேன்” என்பாள்.

திமிர்தான். ஆனால் பொய் இல்லை. அவள் குண்டானில் மண்மட்டி வந்ததாக ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருத்தியும் இரண்டு கை மட்டி போட்டு, முறை வைத்து ஒருத்தி வீட்டில் எல்லோருக்கும் ஆக்குவோம். ஆக்குகிறவள் சட்டியில் போடும் முன் எல்லாப் பங்கையும் இன்னொரு தரம் தட்டிப் பார்க்க வேண்டும், குப்பம்மாவின் பங்கைத் தவிர. அதைத் தட்டினால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி. மட்டிக்காரப் பெண்களுக்குள் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. புதிதாக வருகிறவளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான்: குப்பம்மாவின் பங்கைத் தட்டக் கூடாது.

என் பெண் சுமதிக்குக் கங்காதர நெல்லூரில் மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்திருந்தோம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் விவசாயிகள், அவரைப் பந்தலும் கரும்புமாக இருப்பவர்கள். மட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் பிள்ளையார் பிரசாதத்தோடு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து சமையல் முறை என்னுடையது. விடுவேனா? எங்கள் ஏரிச் சமையலைக் காட்டிவிட வேண்டும் என்று முந்தின நாளே ஆரம்பித்துவிட்டேன்.

மட்டியை ஏரித் தண்ணீரிலேயே ஒரு ராத்திரி போட்டு வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். ஏரித் தண்ணீரில் இருந்தால் நம் ஊர்தான் என்று நினைத்து வாயைத் திறந்து மண்ணைத் துப்பிவிடும். காலையில் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, தட்டிப் பார்த்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடிபோட்டு வேக வைக்க வேண்டும். எல்லாம் வாயைத் திறந்ததும் இறக்கிவிடலாம். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், கெஞ்சக் கூடாது. வெந்த தண்ணீரைத் தெளிய வைத்து மேலாக ஊற்றி எடுத்துக்கொள்ள வேண்டும், ருசியெல்லாம் அதில்தான். கறியைத் தனியாக எடுத்து, வெங்காயம், பூண்டு நிறையத் தட்டிப் போட்டு வதக்கி, புளிச்சக்கீரையை அதிலேயே குழைய விட்டு, மிளகாய்த்தூள், மிளகு, தெளிந்த தண்ணீர் ஊற்றிச் சுண்ட வைத்தால் தெருமுனை வரைக்கும் வாசனை போகும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போட வேண்டும், மட்டியே பாதி உப்பு. பக்கத்தில் சுடச்சுடக் கேழ்வரகுக் களி.

எல்லாம் முறைப்படி செய்தேன். பத்துப் பேர் பங்கையும் தட்டினேன். குப்பம்மாவின் பங்கைத் தட்டாமல் போட்டேன். அவசரத்தில் வெந்த தண்ணீரை மட்டும் சரியாகத் தெளிய விடவில்லை, அடுப்பில் புகை வேறு. பரிமாறினேன். சம்பந்தி ஒரு வாய் வைத்தார். ‘நறநற’ என்று எனக்கே கேட்டது. அவர் முகம் மாறவில்லை. மென்றார், விழுங்கினார், இன்னொரு வாய் வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் முதல் வாயிலேயே கையை உதறிவிட்டார்.

“அய்யய்யோ, இன்னா சரோஜா, மண்ணு!”

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். “அப்பிடியா? மட்டின்னா இப்பிடித்தான் இருக்கும்போல, பல்லு கெட்டியா இருக்கணும்போலன்னு நெனச்சேன்” என்றார். நல்ல மனுஷன். அந்த ஒரு வார்த்தையில் என் மானம் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியைக் குப்பம்மா வாங்கிவிட்டாள்.

“மேட்டு அண்ணி, முப்பது வருசத்துக்குக் கிட்ட ஆவுது, இன்னும் தட்டத் தெரியலியே” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். “வர்ற சம்பந்திக்கு மண்ணைத் துன்னக் குடுத்தா பொண்ணை எப்பிடி வச்சிக்குவாங்க?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. தப்பு என்னுடையதுதான் என்று நான் முழுசாக நம்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மட்டியையும் மூன்று முறை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி, “உள்ள யாராச்சும் கீறாங்களா, கதவு திறக்குறாங்களா?” என்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ருக்கு வீட்டுச் சட்டியிலும் மண். ருக்கு எங்களில் ரொம்பச் சுத்தக்காரி, தட்டுவதில் காது கூர்மை. அவளுக்கும் அதே திட்டு. அடுத்து என் முறை வந்தபோது பங்குகளையெல்லாம் தனித்தனியாக வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய திருட்டு அதுதான். குப்பம்மாவின் பங்கிலிருந்து இரண்டு மட்டியை எடுத்து, சத்தம் வெளியே போகாமல் முந்தானைக்குள் வைத்துத் தட்டினேன்.

‘பொத்.’

அவள் போட்ட இரண்டு கையில் ஏழு மண்மட்டி. ஏழு! முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். அடி குப்பம்மா, மாட்டினாயா என்று துள்ளினேன். ஏழையும் ஒரு தட்டில் வைத்து, எல்லோர் முன்னாலும் அவள் மடியில் போட்டு, “உங்க அண்ணனுக்கு வூடு கட்டவா?” என்று கேட்க வேண்டும் என்று எழுந்தே விட்டேன். கதவு வரைக்கும் போனேன். அங்கே போனதும் வேறு ஒரு யோசனை வந்தது. முப்பது வருஷமாக ஒன்றுகூட விடாத கால் இப்போது ஏன் ஏழு விடுகிறது? ஆனைக்கும் அடி சறுக்கும், ஒருதரம் சறுக்கலாம். வாரா வாரமா சறுக்கும்?

ஏழையும் கொல்லையில் புதைத்துவிட்டு என் பங்கிலிருந்து ஏழு போட்டேன். அன்றைக்குக் கறி அருமையாக இருந்தது. குப்பம்மா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, “பரவால்ல அண்ணி, தட்டப் பழகிட்டீங்க” என்றாள்.

அதிலிருந்து ஏரியில் நான் மட்டியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். முன்னெல்லாம் குப்பம்மா தண்ணீரில் நிமிர்ந்து நிற்பாள். கால் வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். இப்போது குனிந்தே இருந்தாள். கையால் சேற்றைத் துழாவி, கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டாள். யாராவது பார்த்தால் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, காலால் தேடுகிற மாதிரி நடிப்பாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வாள். பாதி நாள் வராது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தெரியவில்லை. வயசாகிறது, கண்ணுக்கு வெள்ளெழுத்து வருகிற மாதிரி காலுக்கும் ஏதோ வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் பங்கை ரகசியமாகத் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. மற்றவர்கள் முறை வந்தால், “நான் வந்து கூடமாட ஒத்தாசை பண்றேன்” என்று போய் உட்கார்ந்துவிடுவேன்.

இன்றைக்கு நினைத்தால் அது ஒத்தாசை இல்லை. அவளைக் கேட்டிருக்க வேண்டும். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவள் காலைக் கோட்டை விட்டேன்.

பங்குனி மாசம், தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த சமயம். வேலை முடிந்து எல்லோரும் கரையேறினோம். குப்பம்மா எனக்கு முன்னால் நடந்தாள். ருக்குவின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். காய்ந்து வெளுத்த சேற்றில் அவள் வலது கால் வைத்த இடத்திலெல்லாம் சிவப்பாக இருந்தது. முதலில் வெற்றிலை துப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் அது அவள் அடியோடு அடியாக வருவதைப் பார்த்தேன்.

“குப்பு, நில்லு! காலைப் பாரு!”

“காலுக்கு இன்னா?”

உட்கார வைத்துத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் ஆளிச் சிப்பி ஓடு ஒன்று விரல் நீளத்துக்கு உள்ளே போய் உடைந்து நின்றது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எப்போ அண்ணி?” என்றாள். அவள் காலைப் பற்றி என்னைக் கேட்டாள். அத்தனை வருஷத்தில் குப்பம்மா முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எத்தினி நாளா இப்பிடி?”

“மரத்துப்போன மாதிரி இருக்கும். வந்துடும் வந்துடும்னு பார்த்துக்கினு இருந்தேன்.” பிறகு மெதுவாக, “சட்டியில வந்த மண்ணு என்னுதா அண்ணி?” என்று கேட்டாள்.

நான் குனிந்து ரத்தத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே காளாஸ்திரி வழியாக பஸ் ஏறித் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பாதிப் பேர் திருமலைக்குப் போகிறவர்கள், கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தார்கள். குப்பம்மாவும் கூடவே கோவிந்தா போட்டாள். “அப்பிடியே மேல போய் தரிசனம் பண்ணிக்கினு வூட்டுக்குப் போயிடலாம் அண்ணி, அவரு பார்த்துக்குவாரு” என்றாள். “அவரு பார்த்துக்கச் சொல்லித்தான் டாக்டரை வச்சிருக்காரு, பேசாம வா” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண். தெலுங்கில்தான் பேசினாள், நிதானமாகப் பேசினாள். ஓட்டை எடுத்து, காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப்போட்ட பிறகு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உள்ளங்காலில் இதால் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். குப்பம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“ஆங்” என்றாள்.

டாக்டர் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். காட்டிய இழை மேஜை மேல் கிடந்தது. கொஞ்சம் விட்டுக் குப்பம்மா மறுபடியும் “ஆங்” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சையில் பார்த்து எழுதுவார்கள், கேள்வியே கேட்காதபோது பதில் எழுதுகிறவளை அன்றைக்குத்தான் கண்டேன். டாக்டர் திட்டவில்லை. இழையை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். கட்டைவிரல், சுண்டுவிரல், நடுப்பாதம். குப்பம்மா இப்போது வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“தொடுறாங்களா அண்ணி?”

“தொடுறாங்க குப்பு.”

“இப்போ?”

“இப்பவும் தொடுறாங்க.”

அவள் கண்ணைத் திறந்து, டாக்டர் கையிலிருந்த இழையைப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து வந்திருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாள். இனிமேல் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஏரிச் சேற்றில் இறங்கவே கூடாது. தினமும் சாயங்காலம் யாராவது இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சின்னக் கீறல் இருந்தாலும் உடனே வர வேண்டும், இன்னொரு காயம் புரையோடினால் கால் தங்காது என்றாள். குப்பம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தே எனக்குத் தெரியும், ஒன்றைக்கூடக் கேட்க மாட்டாள் என்று.

காயம் ஆற இரண்டரை மாசம் ஆயிற்று. ஆறின மறுவாரம் நாங்கள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது கரையில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. குப்பம்மாதான். மகனுடைய முழங்கால் உயர ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு, “காலு தண்ணியில படாது, அவ்ளோதானே?” என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். பத்தடி வந்தாள். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது, சேறு பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். குப்பம்மா வந்தாள், ஷூ வரவில்லை. அது இன்னும் ஏரியில்தான் இருக்கிறது. இந்நேரம் அதற்குள் மட்டி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கரையில் உட்கார வைத்து நான் காலைத் துடைக்கப் போனபோது சிரிப்பு நின்று அழ ஆரம்பித்தாள்.

“நான் வூட்டுல உட்கார்ந்துக்கினு இன்னா பண்ணுவேன் அண்ணி? நீங்கல்லாம் இங்க பேசிச் சிரிச்சிக்கினு இருப்பீங்க. நான் செவுத்தைப் பார்த்துக்கினு கெடக்கணுமா? கால் போனா போவட்டும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கால் போனா யாருடி தூக்குவா? உங்க அண்ணனா? அந்தாளு அரிசி மூட்டையவே தூக்க மாட்டாரு!” என்று கத்தினேன். கத்தின வேகத்திலேயே இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் குண்டானை ருக்குவிடம் கொடுத்தேன். “இன்னிலேருந்து நானும் எறங்கலை. நீ செவுத்தைப் பார்த்தா நானும் கூட உட்கார்ந்து அந்தச் செவுத்தையே பார்க்குறேன்.”

“உங்களுக்கு இன்னா கேடு? உங்க கால் நல்லாத்தானே கீது?”

“என் கால் நல்லா கீது. உன் காலைப் பார்க்க ஒரு ஆளு வேணும் இல்ல? அது நான்தான்.”

யோசித்துச் சொன்னது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு பயமாகத்தான் இருந்தது. தண்ணீரை விட்டு ஏற எனக்கு அப்போது மனசே இல்லை. இன்னும் ஐந்தாறு வருஷம் வேலை செய்திருப்பேன். மட்டிக்காரப் பெண்கள் யாருக்கும் மாலை போட்டு, சால்வை போத்தி ரிட்டையர் ஆக்குவதில்லை. நான் சேற்றுக் காலோடு, கோபத்தோடு ரிட்டையர் ஆனேன். அந்த வருஷமே மோகனா தலைவியானாள். எல்லோருக்கும் ஷூ வாங்க வைத்தவளும் அவள்தான். யாராக இருந்தாலும் எல்லோர் பங்கையும் தட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான். கெட்டிக்காரி. ஷூவைப் பார்த்துச் சிரிப்பது என் வாய்க்கொழுப்பு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் குப்பம்மா காலைக் காட்ட வேண்டுமே! அங்கேதான் பெரிய வில்லங்கம். முதல் நாள் சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போய், காலை நீட்டு என்றதும் காலை இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அண்ணி என் காலைத் தொடுறதா? தாய்க்குச் சமம் நீங்க. எனக்குப் பாவம் வந்து சேரும். வாணாம்.”

முப்பது வருஷமாக என்னை ஜல்லி, மேடு, மண் என்று விரட்டினபோது வராத பாவம்! நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் தொட்டாங்களே என்றால், அவங்க டாக்டர் என்றாள். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள். நான் பார்த்து முடித்ததும் அவள் எழுந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், பாவம் அங்கேயே கழிந்துவிடும். சரி என்றேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் இதே வேலை. நான் அவள் காலைப் பார்க்கிறேன், அவள் என் காலில் விழுகிறாள். எங்கள் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, “தினமும் சாமி கும்புடுறீங்க, சுண்டல் எங்க?” என்று கேட்டார்.

போன வாரம் வியாழக்கிழமை. வழக்கம்போலச் சாயங்காலம் வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தேன். குப்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் என் மடியில் வைத்தாள். வைத்ததும் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு மத்தியானம் ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய் வந்திருக்கிறாள். புதுப் பெண்கள் இறங்குகிற இடம் சரியில்லையாம். அங்கே இறங்காதே என்று சொன்னால் ஒருத்தி போனில் பார்த்துச் சொல்கிறாளாம். “போனுக்குக் கால் கீதாடி?” என்று கேட்டுவிட்டு வந்தாளாம். தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடது கால் சுத்தமாக இருந்தது. வலது காலைத் திருப்பினேன். பெருவிரலுக்குக் கீழே வேலிக்காத்தான் முள், செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறி, முறிந்த முனை மட்டும் வெளியே தெரிந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. இந்த முள்ளோடு ஏரிக்கரையிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள், அடுப்பு பற்ற வைத்திருக்கிறாள், எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் ஊக்கை எடுத்து நெருப்பில் காட்டி, மெல்லக் கிளறி, நகத்தால் பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் நீளத்துக்கு வந்தது. கூடவே ரத்தமும் வந்தது. அவள் இன்னும் போனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மருந்தைத் தடவிவிட்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கே திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கண்ணிலிருந்து அவள் பாதத்தில் இரண்டு சொட்டு விழுந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. நான் மூக்கை உறிஞ்சின சத்தத்தில்தான் பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“ஐயோ, இன்னா அண்ணி அழுவுறீங்க?” என்று பதறினாள். “வலிக்குதா?”

“ஆமாண்டி குப்பு” என்றேன். “வலிக்குது.”